சபையில் சகோதரனோடு பணத்தகராறு வந்தால்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

என்னோடு வீட்டு ஜெபக்கூட்டத்திற்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பிக்கு 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கடன் கொடுத்தேன். ஊரில் அவன் தங்கைக்குக் கல்யாணம். ஆறு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னான். எழுதி வாங்கவில்லை, சாட்சியும் வைக்கவில்லை. ஒரே பாத்திரத்தில் அப்பம் எடுக்கிறவனிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது.

எட்டு மாதம் ஆயிற்று. நான் அவனிடம் நேரே கேட்பதற்கு முன்பே ஜெபக்கூட்டத்தில் வாய் திறந்துவிட்டேன். "ஒரு சகோதரனிடம் என் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றேன். பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் காலைக்குள் அந்தச் சகோதரன் யார் என்று அங்கிருந்த பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஐந்து மாதம் எங்களுக்குள் பேச்சே இல்லை.

ஒரு மூப்பர்தான் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அவனோடு தனியாக உட்கார்ந்து ஒரு தடவையாவது பேசினாயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முதலில் தனியாகப் பேசு, பிறகு இரண்டொருவரோடு போ, அதற்குப் பிறகே சபைக்குச் சொல் என்பது மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் 15, 16, 17ஆம் வசனங்கள். சிறுவயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்த அவற்றை நான் தலைகீழாகச் செய்திருந்தேன். முதலில் பலருக்குச் சொன்னேன். தனியாகப் பேசவேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

வேலை அனுமதியிலோ எஸ் பாஸிலோ (நடுத்தரத் திறனாளிகளுக்கான வேலை அட்டை) இங்கே வந்து, ஒரு தமிழ்ச் சபையில் சேர்ந்து, அங்கே கிடைக்கும் அன்பை நம்பிக் கொடுக்கல் வாங்கலில் இறங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வேதம் சொல்லும் வரிசையையும், அதை இந்த ஊரில் எப்படி நடத்துவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. முதலில் இது மத்தேயு 18க்கு உரிய காரியம்தானா என்று பாருங்கள்

கடன், கூட்டாக எடுத்த வீட்டின் வாடகைப் பங்கு, வாங்கிய பொருளுக்கான காசு, சொன்ன சொல் தவறியது, புண்படுத்திய பேச்சு ஆகியவற்றுக்கு இந்த வழி பொருந்தும்.

அடி உதை, பாலியல் தொல்லை, குழந்தைகளுக்குத் தீங்கு, மிரட்டல் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அப்படிப்பட்டவனைத் தனியாகப் போய்ச் சந்திக்கவே கூடாது. நேராகக் காவல்துறைக்குப் போங்கள், அவசரமானால் 999. "சபைக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள் தீமை செய்கிறவனைத் தண்டிக்கத் தேவன் வைத்த ஊழியக்காரர் என்று ரோமர் 13:4 சொல்கிறது.

இன்னொன்று சம்பளப் பாக்கி. முதலாளியும் நீங்களும் ஒரே சபை என்றால் வாய் திறக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அவரிடம் தனியாகப் பேசுங்கள், தவறில்லை. ஆனால் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். வேலையில் இருக்கும்போதே புகார் செய்வதானால் ஓராண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவு செய்யவேண்டும். சம்பளத் தகராறுகளுக்கான முத்தரப்பு அமைப்பிடம் போகவேண்டும். எப்படிப் போவது என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. வேலையாட்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எழுதியிருக்க, அதைக் கேட்டு வாங்குவதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை.

2. கொடுக்கும் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்

நான் பட்ட பாடு எல்லாம் இந்த ஒரு காகிதம் இல்லாததால் வந்தது. எழுதி வாங்குவது அன்புக்குறைவு என்று நம் சபைகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. எரேமியா 32ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆனதோத்து ஊர் நிலத்தைத் தன் தகப்பனுடைய சகோதரன் மகனிடமிருந்து வாங்குகிறார் தீர்க்கதரிசி. விலை பதினேழு சேக்கல் வெள்ளி. பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, பணத்தைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பிறகு அந்தப் பத்திரத்தை நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். தேவன் சொல்லி நடந்த வியாபாரம், உறவுக்குள் நடந்த வியாபாரம். அதற்கே இத்தனை காகித வேலை. பிலேமோனுக்கு எழுதிய பவுலும், ஒநேசிமு பட்ட கடனை நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் சொந்தக் கையால் எழுதிக்கொடுத்தார்.

காகிதத்தில் இருக்கவேண்டியவை: இருவரின் முழுப்பெயர், அடையாள எண்ணின் கடைசி நான்கு எழுத்துகள், தொகை எண்ணிலும் எழுத்திலும், கொடுத்த தேதி, திருப்பித் தரும் தேதி அல்லது மாதத் தவணை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. தமிழில் எழுதினாலே போதும். இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். செலவு இரண்டு தாள், ஒரு பேனா.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் பேநவ் (போன் எண்ணை வைத்து வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வசதி) வழியாக அனுப்புங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் "கடன்" என்று ஒரு சொல் போடுங்கள். நாளைக்கு அது அன்பளிப்பா, கடனா என்ற பேச்சே வராது.

தவணைத் தேதியை மாதத்தின் 8 முதல் 10ஆம் தேதிக்குள் வையுங்கள். இந்நாட்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம் கொடுத்தாகவேண்டும். மாதக் கடைசிவரை கணக்கிட்டுச் சம்பளம் வாங்குகிறவரிடம் 1ஆம் தேதி கேட்டால் இருக்காது. 15ஆம் தேதி கேட்டால் ஊருக்கு அனுப்பியிருப்பார்.

வட்டி வாங்காதீர்கள். எளியவனுக்குக் கடன் கொடுத்தால் வட்டி சுமத்தவேண்டாம் என்று யாத்திராகமம் 22:25 சொல்கிறது. இந்நாட்டுச் சட்டமும் அதில் கண்டிப்பானது. கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பப் பெறும்படி கடன் கொடுத்தால், மாறாக நிரூபிக்கும்வரை உங்களை வட்டித்தொழில் செய்பவராகவே கருதமுடியும். உரிமமில்லாமல் அந்தத் தொழில் செய்வது குற்றம். ஐம்பது வெள்ளி அதிகமாகப் பெறுவதற்கு அந்த ஆபத்து வேண்டாம்.

சகோதரன்தானே என்று உங்கள் வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் (அரசாங்கத்தின் மின்னடையாளக் கணக்கு) மறைச்சொல்லையோ பயன்படுத்தக் கொடுக்காதீர்கள். அவன் எடுக்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள். நீதிமொழிகள் 6:1 முதல் 5 வரை படித்துப் பாருங்கள். பிணைப்பட்டவன் வேடன் கையில் சிக்கிய வெளிமானைப் போலத் தப்பி ஓடவேண்டும் என்கிறது. இருந்தால் கையிலிருக்கும் காசைக் கொடுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

3. பிரச்சினை வந்தால் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

தவணை தவறியவுடன் போனை எடுக்காதீர்கள். ஒரு தாளை எடுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தேன், எப்போது தருவதாகச் சொன்னான், இதுவரை எவ்வளவு வந்தது, மீதி எவ்வளவு என்று எழுதுங்கள். அவ்வளவுதான். "ஏமாற்றிவிட்டான்", "நம்பிக்கைத் துரோகி" போன்ற சொற்கள் அந்தத் தாளில் வரக்கூடாது. நான் முதலில் எழுதியது மூன்று பக்கம். அதில் கணக்கு நான்கு வரி; மீதியெல்லாம் என் கோபம்.

பேநவ் பதிவுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் படமெடுத்து வேறோர் இடத்திலும் சேமித்துவையுங்கள். போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும்.

4. யாரிடமும் சொல்லாதீர்கள்

இந்த இடத்தில்தான் நம்மில் பெரும்பாலோர் விழுகிறோம். மத்தேயு 18:15 "நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில்" என்று தொடங்குகிறது. அதற்கு முன்னால் எந்தப் படியும் இல்லை. அறைத்தோழனிடம் சொல், போதகரிடம் ஆலோசனை கேள், ஜெபக்குழுவில் வை என்று ஒன்றும் எழுதியில்லை.

ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் சொல்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சொல்கிறவனுக்கே தான் புறங்கூறுவது தெரியாது. எனக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் நம் தமிழ்ச் சபைகள் சிறியவை. ஒரே விடுதியில், ஒரே கப்பல் பட்டறையில், ஒரே லாரியில் இருக்கிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து இருக்கையிலும் இருப்பார்கள். பெயரில்லாமல் சொன்னாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அயலானோடு உனக்குள்ள வழக்கை அவனோடே பேசு, பிறன் இரகசியத்தை வெளிப்படுத்தாதே என்று நீதிமொழிகள் 25:9 சொல்கிறது.

ஜெபிக்கவேண்டுமா? கதவைப் பூட்டிக்கொண்டு நீங்களே ஜெபியுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் ஊரிலுள்ள மனைவியிடமோ தாயிடமோ பெயர் சொல்லாமல் பேசுங்கள். அவனுக்குத் தெரிந்த ஒருவரிடமும் பேசாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போடுவது இன்னும் மோசம். ஒருவனுடைய அடையாள அட்டைப் படம், போன் எண், தங்குமிடம் ஆகியவற்றைத் தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு வெளியிடுவது 2020 முதல் இந்நாட்டில் குற்றம். கடன் வாங்கியவன் தப்பித்து, கொடுத்தவர் மாட்டிக்கொள்ளும் நிலை வந்துவிடும்.

5. தனியாகச் சந்தியுங்கள்

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசியர் 4:26 சொல்கிறது. இரவு ஷிப்ட் வேலை செய்கிறவர்கள் அன்றைக்கே சந்திக்க முடியாமல் போகலாம். அன்றைக்கே சந்திப்புக்கு நாள் குறித்துவிடுங்கள். "தம்பி, ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் உன்னோடு பேசவேண்டும். நாம் இரண்டு பேர் மட்டும்தான்" என்று போட்டால் போதும். எதைப் பற்றி என்று எழுதவேண்டாம்.

இடம் முக்கியம். அவனுடைய விடுதி அறை கூடாது. கூட இருக்கும் பதினொரு பேரும் கேட்பார்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் பிறனுடைய வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும் என்று உபாகமம் 24:10, 11 சொல்கிறது. கடன்பட்டவனுக்கும் ஒரு வாசல் உண்டு, அதைத் தாண்டாதே என்பதுதான் இதன் பொருள் என்று நினைக்கிறேன். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் பேசமுடியாது. சபை வளாகமும் வேண்டாம், பார்க்கிறவர்கள் கேட்பார்கள். ஒரு பூங்கா பெஞ்சு நல்லது.

நாங்கள் காலாங் ஆற்றோரப் பூங்காவில் உட்கார்ந்தோம். வழியில் கயிறு கட்டிய பையில் இரண்டு தே (பால் தேநீர்) வாங்கிப் போனேன். அவன் அதைக் குடிக்கவில்லை. கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தான். விரல் நுனி வெளுத்துவிட்டது. நான் முதலில் என் தப்பைச் சொன்னேன். "தம்பி, உன்னிடம் கேட்காமல் ஜெபக்கூட்டத்தில் சொன்னது நான் செய்த பாவம். என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பணப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுநாடா போட்டிருந்தது. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டவேண்டியது, நகைக்கடன், மளிகைக்கடை, கடைசியில் என் பெயர். நான்கு வரி. என் பெயருக்கு எதிரே 3,200 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். "மறக்கவில்லை அண்ணா. கையில் இல்லாமல் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை" என்றான்.

இத்தனை மாதமும் அவன் என்னை ஏமாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதங்கள் முழுவதும் என் பெயர் அவனுடைய பணப்பையில் இருந்திருக்கிறது. தனியாகப் போ என்று வசனம் ஏன் சொல்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பன்னிரண்டு பேர் நடுவில் அவன் அந்தத் தாளை எடுத்திருப்பானா?

பேச்சை நடத்தும் முறையில் எனக்கு உதவியவை இவை. உங்கள் தவறு ஏதாவது இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பிறகு கணக்குத் தாளைக் காட்டுங்கள். "ஏன் தரவில்லை?" என்று கேட்காமல், "இப்போது உன் நிலைமை என்ன?" என்று கேளுங்கள். அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். வசனத்தை எடுத்து அடிக்காதீர்கள். "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்ற சங்கீதம் அவனுக்கும் தெரியும். ஒலிப்பதிவு செய்யாதீர்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் இன்னொரு நாள் வையுங்கள்.

ஒத்துக்கொண்டதை அங்கேயே எழுதுங்கள். நாங்கள் மாதம் 200 வெள்ளி, பதினாறு மாதம் என்று எழுதினோம். முதலில் 400 என்று கேட்க நினைத்திருந்தேன். அந்த நான்கு வரியைப் பார்த்தபின் கேட்கவில்லை. முடியாத தவணையை எழுதி வாங்கினால் இரண்டாம் மாதமே அது உடைந்து, உறவும் கூடவே உடையும்.

6. கேட்கவில்லை என்றால் ஒருவர் அல்லது இருவரோடு போங்கள்

முதல் சந்திப்புக்குப்பின் ஒரு சம்பள நாளாவது கடக்க விடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் நியாயமான காலம். அவன் சந்திக்கவே மறுத்தாலும், ஒத்துக்கொண்டபின் பதிலே இல்லாமல் போனாலும் இந்தப் படிக்கு வாருங்கள்.

"இரண்டொருவரை" என்றுதான் வசனம் சொல்கிறது. நான்கைந்து பேர் போனால் அது பஞ்சாயத்து. அவனும் மதிக்கிறவர்களாக, முடிந்தால் ஒருவரை அவனே சொல்லும்படி, தேர்ந்தெடுங்கள். உங்கள் அறைத்தோழர், உங்கள் மாவட்டத்துக்காரர், உங்களிடம் கடன்பட்ட இன்னொருவர், அவனுடைய மேற்பார்வையாளர் ஆகியோர் வேண்டாம். வேலையிடத்தில் அதிகாரம் உள்ளவர் வந்து உட்கார்ந்தால், வேலை போய்விடும் என்ற பயத்தில் எதற்கும் தலையாட்டுவான். அது மனம் ஒப்பிய பேச்சு ஆகாது.

அவர்களுக்கு அந்த ஒரு பக்கத் தாளை மட்டும் கொடுங்கள். உங்கள் பக்கத்தில் நின்று பேச அவர்கள் வரவில்லை; இரு பக்கமும் கேட்டு, நடந்ததற்குச் சாட்சியாக இருக்கத்தான் வருகிறார்கள். "தம்பி சொல்வது சரிதான், நீங்கள்தான் தவறு" என்று அவர்கள் உங்களிடம் சொன்னால் அதையும் கேட்கும் மனத்தோடு போங்கள்.

7. அதற்குப் பிறகு சபை

"சபைக்குத் தெரியப்படுத்து" என்றால் ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடிப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று சபைக்குச் சபை நிர்வாகம் வேறு. முதலில் போதகர் ஐயாவிடம் நேரம் கேட்டு, இப்படிப்பட்ட காரியத்தை உங்கள் சபையில் யார் விசாரிப்பார்கள் என்று கேளுங்கள். கையில் எடுத்துப்போகவேண்டியவை: கடன் காகிதத்தின் பிரதி, பணம் அனுப்பிய பதிவு, ஒரு பக்கக் கணக்கு, முதல் இரண்டு சந்திப்புகளும் நடந்த தேதிகள், உடன் வந்தவர்களின் பெயர். முதல் இரண்டு படிகளையும் செய்யாமல் வந்தவரைத் திருப்பி அனுப்புகிற போதகரைக் குறைசொல்லாதீர்கள். அவர் சரியாகத்தான் செய்கிறார்.

நிர்வாகக் குழுக்கள் அடிக்கடி கூடுவதில்லை. இரண்டு மூன்று மாதம் ஆகலாம். சபை புத்திசொல்லலாம், தவணை குறித்துக் கொடுக்கலாம், கஷ்டப்படுகிறவனுக்கு உதவிநிதியிலிருந்து ஏதாவது செய்யலாம். பணத்தைப் பிடுங்கித் தரும் அதிகாரம் அதற்கு இல்லை. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

சபைக்கும் செவிகொடாதவன் "அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும்" இருப்பானாக என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ள உரிமை கிடைத்துவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. இதை எழுதிவைத்த மத்தேயுவே ஆயத்துறையில் (வரி வசூலிக்கும் இடத்தில்) உட்கார்ந்திருந்தவர். ஆயக்காரரோடு இயேசு பந்தியிருந்தார் என்று அதே சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரம் சொல்கிறது. இனி அவனைச் சபைப் பொறுப்பில் வைக்கமுடியாது, அவனோடு கொடுக்கல் வாங்கல் முடியாது. அதற்காக நோயில் கிடந்தால் கஞ்சி கொண்டுபோகாமல் இருக்கமுடியாது.

8. சபைக்கு வெளியே போவதா, விட்டுவிடுவதா

விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதை 1 கொரிந்தியர் 6 கடுமையாகக் கண்டிக்கிறது. "நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்று பவுல் கேட்கும் கேள்வியை எளிதாகத் தாண்டிப் போகமுடியாது. அதனால் நீதிமன்றத்துக்கு முன்னால் சமூகச் சமரச நிலையத்தைப் பரிந்துரைப்பேன். சட்ட அமைச்சின்கீழ் நடக்கிறது. யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. பயிற்சிபெற்ற தொண்டூழியச் சமரசர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைப்பார்கள். கட்டணம் மிகச் சொற்பம். தமிழில் பேசும் சமரசர் வேண்டும் என்று பதிவுசெய்யும்போதே கேளுங்கள். எதிர்த்தரப்பு வரச் சம்மதிக்கவேண்டும்.

பலர் தவறாக நினைப்பது ஒன்று. சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை வழக்குப் போடலாம் என்பது உண்மை. ஆனால் அது பொருள், சேவை, குறுகிய கால வீட்டு வாடகை போன்ற தகராறுகளுக்கு. நட்புக்காகக் கொடுத்த கைக்கடன் அங்கே செல்லாது. அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். 60,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம். வழக்கறிஞர் வைத்தால் என்னுடைய 3,200 போன்ற தொகையைக் கட்டணமே விழுங்கிவிடும். சமூக மன்றங்கள் சிலவற்றில் வழக்கறிஞர்கள் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். எந்த முடிவுக்கும் முன் அங்கே ஒருமுறை போய்வாருங்கள். கடனைத் திருப்பித் தராதது பொதுவாகக் காவல்துறைக்குரிய காரியமும் இல்லை.

கடன் வழக்குக்கான காலவரம்பு ஆறு ஆண்டு. நடுவில் அவன் ஒரு பகுதியைக் கட்டினாலோ, பாக்கி இருப்பதைக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ அந்த ஆறு ஆண்டு அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். ஆகவே காலம் போய்விடுமே என்ற பதற்றத்தில் படிகளைத் தாண்டாதீர்கள். அவசரம் உள்ள ஒரே இடம், அவன் வேலை அனுமதி முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரம். அப்போது இரண்டொருவரோடு போகும் இரண்டாம் படியை அதே வாரத்தில் வைத்து, ஊர் முகவரியையும் அங்குள்ள வங்கிக் கணக்கு விவரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் போய் மறிக்காதீர்கள். அவன் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விட்டுவிடுவதும் ஒரு வழி. அதே மத்தேயு 18இல், இந்த மூன்று வசனங்களுக்குச் சற்றுக் கீழே, பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். நூறு பணம் சொற்பத் தொகை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று மத்தேயு 20:2இல் இருக்கிறது. அப்படியானால் நூறு நாள் உழைப்பு. பட்டறையில் அப்போது என் நாள் கூலி 32 வெள்ளி. நான் கொடுத்ததும் சரியாக நூறு நாள். அந்த உவமையில் ஆண்டவர் என் நஷ்டத்தைச் சிறிது என்று சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மன்னித்து விடுவதானால் அதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் விட்டுவிட்டு மனத்தில் கணக்கு வைத்திருந்தால் அவனுக்கும் விடுதலை இல்லை, உங்களுக்கும் இல்லை.

9. நீங்கள் கடன்பட்டவர் என்றால்

ஒளியாதீர்கள். தவணைத் தேதிக்கு முன்பே நீங்களே கூப்பிட்டு, "இந்த மாதம் முடியவில்லை, ஐம்பது வெள்ளி தருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஐம்பதை அனுப்புங்கள். உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23, 24 சொல்வது உங்களுக்குத்தான். போகவேண்டியவர் நீங்கள். புதிய போன் வாங்கிய மாதத்தில் தவணை தவறினால் அதைவிட வலிக்கும் காரியம் கொடுத்தவருக்கு வேறில்லை.

10. முடிந்தபின் செய்யவேண்டியவை

கடைசித் தவணை வந்த அன்றைக்கே, "3,200 வெள்ளியும் முழுவதுமாகப் பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கி எதுவும் இல்லை" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டு அவனிடம் கொடுங்கள். உங்களிடமுள்ள கடன் காகிதத்தை அவன் கண்முன் கிழித்துவிடுங்கள். சாட்சிகளுக்கும், சபை விசாரித்திருந்தால் போதகருக்கும், அதே நாளில் முடிந்துவிட்டது என்று தெரியப்படுத்துங்கள். தகராறு பரவிய வேகத்தில் சமாதானச் செய்தி பரவுவதில்லை, நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும்.

என்னைப்போல் முன்பே பலரிடம் சொல்லிவிட்டவர்கள், சொன்ன இடத்திலேயே போய்த் திருத்தவேண்டும். நான் அந்த ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "அன்றைக்கு நான் சொன்னது தவறு, அந்தச் சகோதரன் என்னை ஏமாற்றவில்லை" என்று சொன்னேன். அது எங்கள் தவணையின் மூன்றாம் மாதம். அவன் அங்கே இல்லை. அடுத்த வாரம் வந்தான். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது, தன் கையிலிருந்த கோப்பையை என்னிடம் நீட்டினான்.